கன்டெய்னர் தோட்டம்: ராமநாதபுரம் கடற்கரைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தொண்டியிலிருந்து சாயல்குடிக் கரை வரை, அடைத்த கன்டெய்னருக்குள் எல்.இ.டி. விளக்கு போட்டு, மண் இல்லாமல் சத்து நீரில் கீரை வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் தோட்டத்தை முழுசாக வாங்க வேண்டாம். கன்டெய்னரை மட்டும் வாங்குங்கள். கீரையை வெளியே நிழல்வலைக்கு அடியில் வளருங்கள். ஐந்துக்கு மதிப்பெண் கேட்டால், முழுக்க அடைத்த தோட்டத்துக்கு இரண்டு, பாதி உள்ளே பாதி வெளியே வைத்த அமைப்புக்கு நான்கு. மகளிர் சுய உதவிக் குழுவோ, மீனவர் சங்கமோ, சி.எஸ்.ஆர். பணம் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி) வரவிருக்கும் ஊராட்சியோ, ஆர்டரில் கையெழுத்துப் போடும் முன் கீழே உள்ள கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாக வைத்துக்கொள்வோம். எந்தக் கன்டெய்னரும் பசியை ஆற்றாது. அரிசி ரேஷன் கடையில் கிடைக்கிறது, மீன் கரையில் கிடைக்கிறது. இந்தக் கரையில் தட்டில் இல்லாதது பச்சை. நிலத்தடி நீர் உப்பு, மண் வெறும் மணல். கீரைக்கட்டு வெளியூரிலிருந்து வாடி வதங்கி வருகிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் கீரை சாப்பிடச் சொல்கிறது. இந்த 100 கிராமை ஊருக்குள்ளேயே விளைவிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். எவ்வளவு கரண்டில், எவ்வளவு தண்ணீரில் என்பதில்தான் அமைப்புகள் வேறுபடுகின்றன.

பெட்டிக்குள் என்ன வருகிறது

விற்பனைக்கு வரும் அமைப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும். 40 அடி நீளம், 8 அடி அகலம், ஒன்பதரை அடி உயரக் கன்டெய்னர். சுவரிலும் கூரையிலும் 50 மி.மீ. பஃப் (பாலியூரித்தேன் நுரை) இன்சுலேஷன். இரு பக்கமும் நான்கு அடுக்கு ரேக், அதில் என்.எஃப்.டி. குழாய்கள். அதாவது சத்துக் கரைசல் மெல்லிய படலமாக ஓடும் பி.வி.சி. வாய்க்கால்கள். தலைக்கு மேல் எல்.இ.டி. பட்டைகள், ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றோ இரண்டோ, கரைசல் தொட்டி, தானாக உரம் கலக்கும் டோசிங் பம்ப், எல்லாவற்றையும் மொபைலில் காட்டும் ஆப். உள் தரைப்பரப்பு 28 சதுர மீட்டர்தான் என்றாலும், அடுக்கு வைத்ததால் இலை வளரும் பரப்பு 50 சதுர மீட்டர் வரை வரும்.

இதிலிருந்து என்ன எதிர்பார்க்கலாம்? நன்றாக நடத்தினால் வாரத்துக்கு 35 முதல் 40 கிலோ கீரை. நாளைக்கு ஐந்தரை கிலோ. ஆளுக்கு 100 கிராம் என்றால் 55 பேர். அங்கன்வாடிக் குழந்தைக்கு 50 கிராம் போதும் என்று வைத்தால் 110 குழந்தைகள். விற்பவர் விளம்பரத் தாளில் இதைவிட இரண்டு மடங்கு எழுதியிருந்தால், அது லெட்டூஸை எடை போட்ட கணக்கா, எந்த ஊர் வெயிலில் எடுத்த கணக்கா என்று கேளுங்கள். லெட்டூஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை இங்கே யாரும் சமைப்பதும் இல்லை.

கரண்ட், தண்ணீர்: முழுக் கணக்கு

இலைக்கீரைக்குத் தேவையான வெளிச்சத்தை எல்.இ.டி.யிலிருந்து கொடுக்க ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 80 வாட் வேண்டும். நல்ல தரமான விளக்குக்கே இந்தக் கணக்கு. மலிவு விளக்கு இன்னும் தின்னும். 50 சதுர மீட்டருக்கு 4 கிலோவாட். நாளைக்கு 16 மணி நேரம் எரித்தால் 64 யூனிட். அந்த 64 யூனிட்டும் கடைசியில் சூடாகத்தான் மாறும். அதை வெளியே தள்ள ஏ.சி.க்கு 20 யூனிட்டுக்கு மேல். மே மாத வெயிலில் சுவர் வழியே இறங்கும் சூடு தனி. பம்ப், விசிறி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து நாளைக்கு 95 யூனிட்டில் வந்து நிற்கும். கிலோவுக்கு 17 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலே ஒரு கிலோ கீரைக்குக் கரண்ட் மட்டும் 136 ரூபாய். விதை, உரம், கூலி, தேய்மானம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

“சோலார் போட்டுக்கொள்ளலாமே” என்பார்கள். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும் மாவட்டம் இது, வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 95 யூனிட்டுக்கு 24 கிலோவாட் பேனல் வேண்டும். அதை விரிக்க 120 சதுர மீட்டர் இடம் வேண்டும். கன்டெய்னர் கூரையோ 30 சதுர மீட்டர்தான். வெயிலைப் பேனலில் பிடித்து, கரண்டாக்கி, திரும்ப வெளிச்சமாக்கி 50 சதுர மீட்டர் கீரைக்குக் கொடுப்பதற்கு 120 சதுர மீட்டர் வெயிலைச் செலவிடுகிறோம். அந்த வெயில் நேராக இலையில் விழுந்தாலே போதும். இந்தக் கரையில் விழும் வெயிலில் பாதியை நிழல்வலை தடுத்தாலும், மீதிப் பாதி கீரைக்குத் தேவையானதைவிட அதிகம்.

அடைத்த பெட்டிக்கு உண்மையான ஒரு பெருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. தண்ணீர். இலை ஆவியாக விடும் நீரை ஏ.சி. குளிர்வித்து மறுபடி சொட்டவிடுகிறது. அதைப் பிடித்துத் தொட்டியில் விட்டால் நாளைக்கு 30 லிட்டரில் முழுத் தோட்டமும் ஓடும். நிழல்வலைக்கு அடியில் அதே 50 சதுர மீட்டருக்கு, காற்றும் வெயிலும் சேர்ந்து 200 லிட்டர் கொண்டுபோகும். குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் ஊரில், மணலில் ஊத்துத் தோண்டி அகப்பையால் மொள்ளும் ஊரில், 170 லிட்டர் வித்தியாசம் சின்ன விஷயமில்லை. விற்பவர்கள் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறார்கள்.

ஆனால் அந்த 170 லிட்டரை உண்டாக்க என்ன செலவு என்று கேட்டுப் பாருங்கள். உப்புக் கிணற்று நீரை ஆர்.ஓ.வில் சுத்தம் செய்ய 1,000 லிட்டருக்கு 2, 3 யூனிட். கடல் நீரையே எடுத்து, சின்ன இயந்திரத்தில், 1,000 லிட்டருக்கு 10 யூனிட் தின்று சுத்தம் செய்தாலும் 170 லிட்டருக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டாது. இரண்டு யூனிட்டில் கிடைக்கும் தண்ணீரை மிச்சம் பிடிக்க 90 யூனிட் கரண்ட் எரிப்பதுதான் அடைத்த கன்டெய்னர். ராமநாதபுரம் கடற்கரைக்கு அது பொருந்தாது என்று சொல்ல இந்த ஒரு வரி போதும்.

கனடாவின் சர்ச்சில், அலாஸ்காவின் கோட்செபூ போன்ற ஊர்களில் இதே பெட்டி நியாயமானது. அங்கே வெளியூருடன் இணைக்கும் சாலை இல்லை, குளிர்காலத்தில் வெயில் பேருக்குத்தான் எட்டிப் பார்க்கும். அந்த ஊர்களுக்குப் பிறந்த பொருளை வெயில் கொட்டும் ஊருக்கு அப்படியே இறக்குவதுதான் தவறு. நமக்குப் பாடமாக உள்ள ஊர் சகாரா பாலைவனத்தில் இருக்கிறது. அல்ஜீரியாவின் திந்தூஃப் அருகே உள்ள சஹ்ராவி அகதிகள் முகாம்களில் உலக உணவுத் திட்டம் ஆட்டுக்குப் பச்சைத் தீவனம் வளர்க்கக் கன்டெய்னரில் தொடங்கியது. பிறகு உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செலவு குறைந்த எளிய அமைப்புகளுக்கு மாறியது. அங்கே நடந்த அந்த மாற்றத்தை நாம் தொடக்கத்திலேயே செய்துவிடலாம்.

ஆப்பை நம்பி ஓடும் அமைப்பு வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்றான பாஸ்டனின் ஃப்ரெய்ட் ஃபார்ம்ஸ் 2025இல் மூடப்பட்டது. விற்ற நிறுவனம் இல்லாமல் போனாலும் பம்பும் விளக்கும் கையால் சுவிட்ச் போட்டு ஓட வேண்டும். வாங்கும் முன், இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அடைத்த கன்டெய்னர் ஊருக்கு வந்துவிட்டதா? அதை வீணாக்க வேண்டாம். விளக்கை மாலை 6 மணியிலிருந்து காலை 10 மணி வரை எரியுங்கள். நடுப்பகல் சூட்டில் விளக்கும் ஏ.சி.யும் சேர்ந்து ஓட வேண்டியதில்லை. ஏ.சி. நின்றால் விளக்கும் தானாக அணைய ஒரு தெர்மோஸ்டாட் கட் ஆஃப் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் 4 கிலோவாட் சூடு அடைத்த பெட்டிக்குள் ஏறி, ஒரு மணி நேரத்தில் மொத்தப் பயிரும் வெந்துவிடும். இலை நுனி கருகினால் உடனே கால்சியம் குறைவு என்று உரத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் காற்று அசையாததுதான் காரணம். ஈரம் தேங்கினால் இலை ஆவிவிடாது, ஆவிவிடாத இலைக்குக் கால்சியம் ஏறாது. ஒவ்வொரு அடுக்குக்கும் சின்ன விசிறி வையுங்கள்.

உப்புக்காற்று பெட்டியை என்ன செய்யும்

கன்டெய்னர் கப்பலில் போகும் பொருள்தானே, உப்பு என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். கப்பல் கன்டெய்னருக்கு முறையாகப் பராமரிப்பு உண்டு. நாம் வாங்குவது பெரும்பாலும் கழித்துக்கட்டிய பெட்டி. அதன் கார்ட்டென் எஃகு மழையும் வெயிலும் மாறி மாறி வரும் இடத்தில் தானே ஒரு துருப்படலம் கட்டி நிற்கும். ஓயாமல் உப்பு படியும் இடத்தில் அந்தப் படலம் நிலைக்காது. முதலில் போவது கதவுக் கீல், அடுத்தது தரைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்கள், பிறகு கூரையின் நான்கு மூலை. வாங்கும்போது பெட்டிக்குள் நின்று கதவை மூடிப் பாருங்கள். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் வேண்டாம். அடிப்பக்கத்தைக் குனிந்து, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் சரி, சொத சொத என்றால் விட்டுவிடுங்கள். முடிந்தால் பழைய ரீஃபர், அதாவது குளிர்சாதனக் கன்டெய்னர் தேடுங்கள். குளிர்ப் பொறி பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை. சுவர் இன்சுலேஷனோடும் துருப்பிடிக்காத உட்சுவரோடும் வரும்.

பெயின்ட் வேலையில் மிச்சம் பிடிக்காதீர்கள். துருவை மணல் ஊதிச் சுத்தம் செய்து, ஜிங்க் எபாக்ஸி பிரைமர், மேலே எபாக்ஸி, கூரைக்கு வெள்ளை. கூரைக்கு ஓர் அடி மேலே தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த பந்தல் போட்டால் எந்த இன்சுலேஷனும் செய்யாத வேலையை அது செய்யும். போல்ட், ஆணி எல்லாம் 316 ரக எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு. ஜி.ஐ. போல்ட் இரண்டு வருஷத்தில் கழற்ற முடியாமல் ஒட்டிக்கொள்ளும். மின் இணைப்புகளில் செம்பு பச்சை பூப்பதுதான் இங்கே பம்ப் நிற்க முக்கியக் காரணம். ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் ரப்பர் வாஷர் வைத்த, தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 ரகம், இணைப்பில் கிரீஸ் தடவியது. ஏ.சி. இருந்தால் வெளி யூனிட்டைக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் பக்கம் வைக்காதீர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

காற்றின் பலத்தையும் கணக்கில் எடுங்கள். காலி 40 அடிப் பெட்டி 4 டன்னுக்கும் குறைவு. அதன் நீளப் பக்கம் 30 சதுர மீட்டருக்கு மேல் பாய்மரம் மாதிரி நிற்கிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் பக்கவாட்டில் விழும் தள்ளு ஏறக்குறைய 3 டன். பெட்டி நகரும், கவிழவும் கூடும். நான்கு மூலைக்கும் கான்கிரீட் அடித்தளம் போட்டு, மூலை வார்ப்பில் இரும்புப் பட்டை வைத்துப் பூட்டுங்கள். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ. மழை கொட்டியதை நினைவில் வைத்து, அடித்தளத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்துங்கள். இடம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத் தடைக்குள் வருகிறதா என்று ஊராட்சியில் பார்த்துவிட்டே குழி தோண்டுங்கள்.

பாதி உள்ளே, பாதி வெளியே

உள்ளே வைக்க வேண்டியவை: சுத்த நீர்த் தொட்டி, உரம், மீட்டர்கள், பேட்டரி, காற்று பம்ப், நாற்று ரேக் ஒன்று. நாற்றுக்கு மட்டும் இரண்டு சதுர மீட்டர் எல்.இ.டி. போதும், நாளைக்கு இரண்டரை யூனிட். நாற்று வளரும் பன்னிரண்டு நாளைக் கொறித்துண்ணிகள், ஆடு, உப்புத் தூறல் எதுவும் தொடாமல் காப்பதுதான் கன்டெய்னரின் உண்மையான வேலை. தொட்டியைக் குளிர்ச்சிக்காக மணலில் புதைக்கும் யோசனை நல்லதாகத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்ததும் பாதி காலியான சின்டெக்ஸ் தொட்டி குழாயைப் பிய்த்துக்கொண்டு மிதந்து எழும். உள்ளேயே வையுங்கள்.

வெளியே என்.எஃப்.டி. குழாய் வேண்டாம். அதில் ஓடுவது சில மி.மீ. தண்ணீர்தான். கரண்ட் போய் பம்ப் நின்றால் மே மாத மதியத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கீரை தலை தொங்கிவிடும். மிதவைப் பாத்தி போடுங்கள். 1.2 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 15 செ.மீ. ஆழம். ஹாலோ பிளாக் ஒரு வரிசை வைத்து, உள்ளே 300 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் விரித்தால் பாத்தி தயார். ஏறக்குறைய 1,000 லிட்டர் பிடிக்கும். அப்படி ஏழு பாத்தி போட்டால் அடைத்த கன்டெய்னருக்குச் சமமான 50 சதுர மீட்டர். மேலே மிதக்க 25 மி.மீ. தெர்மாகோல் பலகை, 15 செ.மீ. இடைவெளியில் துளை, ஒரு பாத்திக்கு 300 குழி. மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டிகள் இந்தக் கரையில் எங்கும் கிடைக்கும். உடையாத பெட்டிக்குள் கறுப்பு பாலித்தீன் விரித்து, மூடியில் துளை போட்டால் வீட்டுக்கு ஒரு குட்டிப் பாத்தி. பம்பே தேவையில்லை. கீரை குடிக்கக் குடிக்க நீர்மட்டம் இறங்கும், மேல் வேர் காற்றைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மீன் பெட்டியைச் சோப்பு போட்டுக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவைக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

ஏழு பாத்திக்கும் சேர்த்து 45 வாட் காற்று பம்ப் ஒன்று, பாத்திக்கு இரண்டு காற்றுக்கல் (காற்றைக் குமிழியாக விடும் கல்). நாளைக்கு 1.1 யூனிட். 100 ஆம்பியர் பேட்டரி ஒன்று பாதி இறங்குவதற்குள் 12 மணி நேரம் தாங்கும். பலகை ஓரத்துக்கும் பாத்திச் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொசு முட்டையிடும். அதைச் சாதாரணமாக விடாதீர்கள், டெங்கு தோட்டத்திலிருந்தே கிளம்பும். பாத்திக்குப் பத்து கப்பி மீன் விட்டால் போதும்.

நிழல்வலை 50 சதவீதம். கம்பத்துக்குச் சவுக்குக் கழி, ஜி.ஐ. பைப் வேண்டாம். வலையைக் கம்பியால் முறுக்கிக் கட்டாமல், அரை மணி நேரத்தில் கழற்றும்படி கயிற்றில் கட்டுங்கள். பாம்பனில் 3ஆம் எண் புயல் கூண்டு ஏறினால் வலை கீழே இறங்கிவிட வேண்டும். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால், கச்சான் பக்கம் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தடுப்பு கட்டுங்கள். அது இல்லாமல் பாத்தியில் உரம் போடாமலே ஈ.சி., அதாவது கரைசலில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து அளவு (mS/cm), ஏறினால், ஏறுவது கடல் உப்பு.

ஈ.சி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் தோட்டம் தோற்பது பெரும்பாலும் இதில்தான். ஈ.சி. மீட்டர் கரைசலில் எவ்வளவு உப்பு என்று மட்டும் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. கிணற்று நீரிலேயே ஈ.சி. 0.9 இருந்து, நீங்கள் 1.6 வரும் வரை உரம் போட்டால், கீரைக்குக் கிடைப்பது 0.7 உரம்தான். மீதி சோடியம் குளோரைடு. கீரை தண்ணீரையும் உரத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவைக்கும். வாரா வாரம் அது சேரும். மீட்டர் அதே 1.6 காட்டும், இலை மட்டும் சிறுத்து ஓரம் காயும். ஆகவே மூல நீரின் ஈ.சி. 0.3க்குள் இருக்க வேண்டும். மழை நீர், ஆர்.ஓ. நீர் இரண்டும் சரி. காவிரிக் கூட்டுக் குடிநீர் கிடைத்தால் ஒரு இரவு திறந்து வைத்து குளோரின் போனபின் ஊற்றுங்கள். ஆர்.ஓ.வின் கழிவு உப்பு நீரை மணலில் விட்டால் அடுத்த வீட்டு ஊத்து கெடும். அதற்கு வழி செய்யாமல் இயந்திரம் வாங்காதீர்கள்.

பெயர் போட்ட ஹைட்ரோபோனிக்ஸ் உர பாட்டில்கள் பல மடங்கு விலை. சொட்டுநீர் உரக்கடையில் எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். 1,000 லிட்டர் ஆர்.ஓ. அல்லது மழை நீருக்கு: கால்சியம் நைட்ரேட் 650 கிராம், 13-0-45 எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 350 கிராம், 0-52-34 எனப்படும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 150 கிராம், மக்னீசியம் சல்பேட் 350 கிராம், இரும்புச் செலேட் 15 கிராம். அதோடு நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவு. ஈ.சி. 1.5 பக்கம் வரும். கால்சியம் நைட்ரேட்டையும் இரும்பையும் ஒரு வாளியில், மற்றதை இன்னொரு வாளியில் கரையுங்கள். ஒன்றை ஊற்றிக் கலக்கியபின் மற்றதை ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே வாளியில் கரைத்தால் கால்சியமும் சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்து வெள்ளைச் சுண்ணாம்பாக அடியில் உட்காரும், கீரைக்கு எதுவும் போய்ச் சேராது. இப்படிக் கலந்தால் கிலோ கீரைக்கு உரச் செலவு 5, 6 ரூபாய்தான்.

பி.ஹெச்., அதாவது கரைசலின் புளிப்புத்தன்மை அளவு, 5.8 முதல் 6.3. ஆர்.ஓ. நீரில் பி.ஹெச். மாறாமல் தாங்கும் சக்தி இல்லை. பாஸ்பாரிக் அமிலம் 10 மில்லி ஊற்றினாலே சறுக்கென்று இறங்கும். பத்துப் பத்து மில்லியாக, தண்ணீரில் கரைத்து ஊற்றி, கலக்கி, அளந்து பார்த்து ஊற்றுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை. இரும்பைக் கூட்டும் முன் பி.ஹெச். 6.5ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். நீர்மட்டம் இறங்கும்போது ஈ.சி. ஏறினால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். சேர்ந்து இறங்கினால் உரம் ஊற்றுங்கள். ஈ.சி. மீட்டரை மாதம் இருமுறை 1.413 அளவுக் கரைசலில் சரிபாருங்கள். பி.ஹெச். முனையைக் காயவிடாதீர்கள், ஆர்.ஓ. நீரிலும் ஊறவைக்காதீர்கள். அதற்கான பொட்டாசியம் குளோரைடு கரைசலில்தான் வைக்க வேண்டும்.

நாற்றுக்குத் தென்னை நார்க்கழிவுக் கட்டி. உப்பங்கழி நீரில் ஊறிய நார் என்றால் கட்டிக்குள்ளேயே உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த நீரின் ஈ.சி. 0.5க்குக் கீழே வரும் வரை அலசுங்கள். 98 குழித் தட்டில் குழிக்கு நான்கு விதை. பன்னிரண்டாம் நாள் பாத்திக்கு மாற்றி, மேற்கொண்டு 18, 20 நாளில் வேரோடு அறுவடை. மூன்று நாளுக்கு ஒரு பாத்தி அறுத்தால் ஏழு பாத்தியும் சுற்றில் நிற்கும், பாத்திக்கு 15 முதல் 18 கிலோ. அறுக்க மாலை நேரம் நல்லது. குழந்தைகளுக்குப் போகும் கீரைக்குக் கடைசி இரண்டு நாள் உரம் ஏற்றாமல் வெறும் தண்ணீர் விடுங்கள், இலையில் நைட்ரேட் குறையும்.

எந்தக் கீரை என்பதில் பிடிவாதம் வேண்டாம். தண்டுக்கீரை, சிறுகீரை, கொடிப்பசலை, வள்ளல்கீரை இவை வெயில் தாங்கும். பாலக், கொத்தமல்லி, வெந்தயக்கீரை மார்கழி, தை மாதங்களோடு சரி. லெட்டூஸ் பூத்துக் கசக்கும்.

சூடு ஏறும் காலத்தில்தான் இந்த அமைப்பின் பலவீனம் தெரியும். தண்ணீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரியில் 7கூட இல்லை. வேர் மூச்சுத் திணறி, பழுப்பாகி, வழவழவென்று அழுகும். சித்திரை, வைகாசியில் இது நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடையும் அதே நாட்கள். வீட்டில் காசு இல்லாத, கீரை அதிகம் வேண்டிய 61 நாட்களில்தான் பாத்தி மிகக் குறைவாகக் கொடுக்கும். இதை முன்கூட்டியே திட்டமிடாத எந்தக் குழுவும் முதல் கோடையில் மனம் விட்டுவிடும். ஈ.சி.யை 1.1க்குக் குறையுங்கள். வலையை இரட்டையாக்குங்கள். நண்பகலில் ஐஸ் கொடுங்கள்: 1,000 லிட்டரை 33இலிருந்து 30 டிகிரிக்கு இறக்க 27 கிலோ ஐஸ், அதாவது 50 கிலோ பாரில் பாதிக்குச் சற்று மேல். தடைக்காலத்தில் ஐஸ் கம்பெனிகளில் கூட்டம் குறைவு, பேசி வாங்கலாம். ஐஸைப் பாத்தியில் நேராகப் போடாதீர்கள், அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாது. மூடிய கேனுக்குள் போட்டு மிதக்கவிடுங்கள். ஏழு பாத்திக்கும் ஐஸ் கட்டாது. இரண்டு பாத்தியை மட்டும் காப்பாற்றி, மற்றதில் கொடிப்பசலையும் வள்ளல்கீரையும் விடுங்கள்.

அதே மாதங்களில் உள்ளே காலியாக நிற்கும் ரேக்கில் ஆட்டுக்கு மக்காச்சோளத் தீவனம் முளைக்கவைக்கலாம். 12 மணி நேரம் ஊறவைத்து, தட்டில் விரல் தடிப்புக்குப் பரப்பி, தண்ணீர் மட்டும் தெளித்தால் எட்டு நாளில் ஒரு கிலோ விதைக்கு 5, 6 கிலோ பச்சை. அதில் பெரும்பகுதி தண்ணீர், உலர் எடை விதையைவிடக் குறைவுதான். ஆகவே வைக்கோலுக்கு மாற்றாக நினைக்காதீர்கள், கோடையில் பச்சையே காணாத ஆட்டுக்குத் துணைத் தீவனம், அவ்வளவே. பூசணம் பிடித்த தட்டை அப்படியே தூக்கிப் போடுங்கள், மேலே கழுவிக் கொடுக்கக் கூடாது.

பழைய கரைசலைக் கடலில் விடாதீர்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மன்னார் வளைகுடாவின் கடற்புல்லுக்கு நல்லதல்ல. தென்னைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள். மழை நீரில் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

வேலை நாளுக்கு ஒரு மணி நேரம். காலை 6 மணிக்கு ஈ.சி., பி.ஹெச்., நீர்மட்டம், சூடு நான்கையும் நோட்டில் எழுதுவது அதில் முக்கியம். அறுவடை நாளில் மூன்று பேர் மூன்று மணி நேரம். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் என்றால் அவர் வீட்டுக் கல்யாணத்தன்று பாத்தி போய்விடும். குறைந்தது நான்கு பேர் பழகியிருக்க வேண்டும். முதல் பங்கு அங்கன்வாடிக்கும் கர்ப்பிணிகளுக்கும். ஒரு பாத்தியில் மட்டும் புதினா போட்டு ராமேஸ்வரம் ஹோட்டல்களுக்குக் கொடுத்தால் உரத்துக்கும் கரண்டுக்கும் அதுவே கட்டும்.

தொடங்கும் மாதத்தையும் சரியாகப் பிடியுங்கள். ஏழு பாத்தியை முதல்முறை நிரப்ப 7,500 லிட்டர் வேண்டும், அதை லாரியில் வாங்கினால் கசக்கும். கன்டெய்னர் கூரை 30 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவத்தில் 500 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 12,000 லிட்டர் பிடிக்கலாம். முதல் மழை கூரையின் உப்பைக் கழுவட்டும், அதை வெளியே விட்டுவிடுங்கள். பெயின்டும் அடித்தளமும் புரட்டாசிக்குள், கூரை ஓரத் தகரமும் குழாயும் ஐப்பசி பிறக்கும் முன், ஓலைப் பந்தல் மழை ஓய்ந்தபின். கார்த்திகையில் பாத்தியில் நிற்பது முழுக்க மழை நீராக இருக்கும், நாற்றும் பன்னிரண்டு நாள் வயதில் தயாராக இருக்க வேண்டும்.